மழையும் தீபாவளியும் சேர்ந்து வரும்போது: தெரஸ் வீட்டைத் தயார் செய்யும் வரிசை

2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. எந்த ஆண்டானாலும் கோலாலம்பூரில் சாயங்கால இடிமழை வலுக்கும் சமயத்தில்தான் பண்டிகை வந்து நிற்கும். பினாங்கில் செப்டம்பரிலேயே மழை ஏறிவிடும். கடைசி வாரத்தில் பல வீடுகளில் நடப்பது ஹாலுக்குப் புதுச் சாயம் பூசுவது. பொங்கலுக்குள் அது கொப்புளித்து உரியும். சுவருக்குள் தண்ணீர் இருக்கும்போதே பூசினால் எவ்வளவு விலை உயர்ந்த சாயமும் அப்படித்தான் உரியும்.

ஆகவே பண்டிகைக்கு ஆறு வாரம் முன்னால் கூரை, பிறகு சுவர் காய மூன்று நான்கு வாரம், இரண்டு வாரம் இருக்கும்போது சாயம், கடைசி வாரம் கரண்டும் குழாயும். வரிசையை மாற்றினால் ஏதாவது ஒன்றை இரண்டு தடவை செய்ய வேண்டிவரும். கீழே உள்ளதெல்லாம் 20, 22 அடி அகலமுள்ள, கார் போர்ச்சுக்கு மேல் தகர அவ்னிங் (வெயில் மழை மறைக்கும் நீட்டுக்கூரை) போட்ட தெரஸ் வீட்டுக்கு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீட்டுக்கு.

கட்டர்

கூரையோரக் கட்டரில், அதாவது மழைநீர் ஓடும் வாய்க்காலில், கிடக்கும் இலையை முதலில் கையால் அள்ளுங்கள். ஹோஸ் பிடித்து அடித்தால் குப்பை மொத்தமும் இறங்குகுழாயின் முதல் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு குழாயைக் கழற்றாமல் வழியில்லை. அள்ளி முடித்ததும் இறங்குகுழாய்க்கு எதிர்முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அரைமணி கழித்து ஈரம் மட்டும் மிஞ்சினால் சரி. விரற்கடை ஆழம் தேங்கி நின்றால் அந்த இடத்தில் கட்டரைத் தாங்கும் பிராக்கெட் தொங்கிவிட்டது என்று அர்த்தம். மீட்டருக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். 22 அடிக்கு அது இரண்டு முதல் மூன்றரை சென்டிமீட்டருக்குள்தான் வரும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, நூல் கட்டிப் பாருங்கள். தேங்கிய தண்ணீரை விட்டுவைத்தால் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும்.

அவ்னிங்கும் சுவரும் சேரும் இடம்

தெரஸ் வீட்டின் முன்சுவரில் வரும் ஈரத்துக்குப் பெரும்பாலும் இந்த மூட்டுதான் காரணம். முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று உறுதி செய்யுங்கள். கறை தெரியும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு. உள்ளே இறங்கும் தண்ணீர் பீம் வழியாக இரண்டு மூன்று அடி பக்கவாட்டில் ஓடி, பிறகுதான் சுவரில் தலைகாட்டும்.

ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும். வெளியே இருப்பவர் ஹோஸை மெதுவாகத் திறந்து, கீழிருந்து மேலாக நனைக்க வேண்டும்: முதலில் தகரத்தின் மேல்பரப்பு, அடுத்து பிளாஷிங் தகரத்தின் (அவ்னிங்கும் சுவரும் சேரும் இடைவெளியை மூடும் மடிப்புத் தகரம்) கீழ்விளிம்பு, அடுத்து அது சுவரில் நுழையும் மேல்விளிம்பு, கடைசியில் அதற்கும் மேலேயுள்ள சுவரும் ஜன்னல் சட்டமும். ஒவ்வொரு இடத்திலும் 10 முதல் 15 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். எது ஒழுகுகிறது என்றே சொல்ல முடியாது. கடைசியில் ஜன்னல் சட்டம்தான் குற்றவாளி என்று தெரிய வருவதும் உண்டு. அப்படியானால் அவ்னிங்கைத் தொட வேண்டாம்.

மூட்டுதான் என்று தெரிந்தால் அடுத்து ஹார்ட்வேர் கடை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: கையில் அகப்படும் முதல் சிலிக்கோன் டியூப்பை எடுத்து வருவது. புளிக்காடி வாசம் அடிக்கும் சிலிக்கோன் சிமெண்டில் சரியாக ஒட்டாது, துத்தநாகம் பூசிய தகரத்தை அரிக்கவும் செய்யும். வாசமில்லாத நியூட்ரல் வகை ஒட்டும்; ஆனால் அதன் மேல் சாயம் நிற்காது. இந்த மூட்டுக்கு வேண்டியது பாலியூரித்தேன் சீலண்ட், கடையில் பியூ சீலண்ட் என்று கேளுங்கள். நான் சிக்காஃப்ளெக்ஸ் வகையைச் சொல்வேன். வேறு பிராண்டானாலும் பாதகமில்லை, டியூப்பில் பாலியூரித்தேன் என்று எழுதியிருக்க வேண்டும். சிமெண்டை அள்ளி அப்பும் கொந்திராக்டரை மட்டும் நம்பாதீர்கள். 22 அடி நீளத் தகரம் காலை 25 பாகையிலிருந்து நடுவெயிலில் 65 பாகைக்குச் சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், மழை விழுந்ததும் சுருங்கும். சிமெண்ட் நீளாது, வெடிக்கும்.

எவ்வளவு வாங்குவது? 300 மில்லி டியூப் ஒன்று, இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டர் உள்ள முக்கோணப் பூச்சாகப் போட்டால் 6 மீட்டர் வரும். 22 அடி என்பது 6.7 மீட்டர். இரண்டு டியூப் வாங்குங்கள். கூடவே மாஸ்கிங் டேப், பிளேடு ஸ்கிரேப்பர், கம்பி பிரஷ், இடைவெளி 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் உள்ளே திணிக்கப் பஞ்சுக்கயிறு (ஃபோம் பேக்கர் ராட்). டியூப்பை அழுத்தும் கன்னில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான கன் சிலிக்கோனுக்குப் போதும், பியூ கெட்டியானது, பாதி டியூப்பில் கம்பி வளைந்துவிடும்.

வேலை நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடிய வேண்டும். அதற்குமேல் தகரம் சுடும், பிற்பகலில் மழை வரும். முந்தின இரவே மூட்டின்மேல் கேன்வாஸ் போட்டு மூடி வையுங்கள், காலையில் காய்ந்திருக்கும். ஏணியில் நின்றபடி செய்யுங்கள். அவ்னிங் மேல் ஏறியே ஆக வேண்டுமென்றால் ஸ்குரூ வரிசைமேல் மட்டும் கால் வையுங்கள், அதற்கடியில்தான் இரும்புச் சட்டம் இருக்கிறது. பாலிகார்பனேட் தாளாக இருந்தால் ஏறவே கூடாது.

பழைய சிலிக்கோனை முழுக்கச் சுரண்டி எடுப்பதுதான் இந்த வேலையில் பாதி. மெல்லிய படலம் மிஞ்சினாலும் அதன்மேல் எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கோன்கூட. பிளேடால் சுரண்டி, சிமெண்ட் பக்கத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, தூசியைத் துடைத்து, தகரப் பக்கத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். பிளாஷிங் ஸ்குரூக்களில் துரு ஏறியவற்றை ரப்பர் வாஷரோடு மாற்றிவிடுங்கள். பிறகு மேலும் கீழும் டேப் ஒட்டி, சீலண்டை நிற்காமல் ஒரே ஓட்டமாக இழுத்து, சிறு கரண்டியால் அழுத்தி வழியுங்கள். அழுத்தாவிட்டால் உள்ளே காற்றுக்குமிழி தங்கும். மேல்தோல் கட்டுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். காய்ந்த பிறகு உரித்தால் ஓரமும் சேர்ந்து கிழியும். பியூ ஒரு நாளில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இறுகும். மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி ஹோஸ் பரிசோதனை.

பிளாஷிங் சுவருக்குள் வெட்டிப் பதிக்கப்படாமல் வெறுமனே சுவரோடு ஒட்டி ஸ்குரூ அடிக்கப்பட்டிருந்தால் சீலண்ட் எல்லாம் இடைக்கால ஏற்பாடுதான். பண்டிகை முடிந்ததும் ஆள் வைத்துச் சுவரில் நீளப் பள்ளம் வெட்டி உள்ளே செருகச் சொல்லுங்கள்.

சுவர்

ஒழுக்கு நின்றதும் உரிந்த சாயத்தையும் பொரிந்த பூச்சையும் சுரண்டிவிட்டு விசிறி போட்டுக் காய விடுங்கள். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கத்தில் நீர்த்துளி கட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் வேர்த்திருந்தால் அது ஏர்கோன் குளிர்ச்சியால் வந்தது, சுவரைக் குறை சொல்ல வேண்டாம்.

காய்ந்த பிறகு சிமெண்டின் காரத்தன்மையைத் தாங்கும் வால் சீலர் ஒரு கோட், மேலே சாயம் இரண்டு கோட். லிட்டருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்று கணக்கு வைத்தால் 12 அடிக்கு 10 அடிச் சுவருக்குக் கோட்டுக்கு ஒரு லிட்டர் ஆகும். வண்ணம் கலந்து வாங்குவதானால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை கலந்தது பக்கத்தில் வைத்தால் வேறாகத் தெரியும்.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைப் பின்பற்ற வேண்டாம். அங்கே செங்கல்மேல் சுண்ணாம்புப் பூச்சு, தரையிலிருந்தே ஈரம் ஏறும். சிமெண்டோ பிளாஸ்டிக் சாயமோ பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே பூச வேண்டும்.

கரண்டு, குழாய்

மின்பெட்டியில் ஆர்சிசிபியின் (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குளியலறை ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மழை இரவில் மட்டும் வீடே இருண்டால் எல்லாச் சிறு சுவிட்சுகளையும் கீழே தள்ளி, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாக மேலே தள்ளுங்கள். எதைத் தள்ளும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் பிரச்சினை. பெரும்பாலும் ஆட்டோகேட், வாசல் விளக்கு, அழைப்புமணி. தீபாவளிச் சரவிளக்கு போட்ட பிறகு இது தொடங்கினால் முதல் சந்தேகம் அதன்மேல்: அடாப்டர் போர்ச்சுக்குள் தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும், சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். ஒரே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலும் ரைஸ் குக்கரும் சூடேற்றும் தட்டும் சேர்ந்தால் 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3000 வாட் வரம்பைத் தாண்டிவிடும்.

விருந்தினர் குளியலறை வாரக்கணக்கில் புழங்காமல் இருந்தால் தரைக்குழியின் வளைவிலுள்ள தண்ணீர் வற்றி, நாற்றமும் கரப்பானும் மேலே வரும். இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. முறுக்கு சுட்ட எண்ணெயை மட்டும் சிங்கில் ஊற்றாதீர்கள், ஆறியதும் போத்தலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். ஏர்கோன் சொட்டினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வடிகுழாயின் முனையில் ஈரம் உறிஞ்சும் வேக்குவத்தை வைத்து இரண்டு நிமிடம் இழுங்கள், பாசி வந்துவிடும். கோலம் போடும் வாசல் ஓட்டில் பாசி வழுக்கினால் ஒரு பங்கு குளோரோக்ஸுக்குப் (ப்ளீச்) பத்துப் பங்கு தண்ணீர். அமிலம் கலந்த ஓடு கழுவும் திரவத்தோடு அதைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பின்சேர்க்கை: கொண்டோவில் மேல்வீட்டிலிருந்து ஒழுகினால்

இதைப் பலர் கேட்டதால் சேர்க்கிறேன். கூரையில் ஈரம் தெரிந்தால் சாயமும் வேண்டாம், மேல்வீட்டாரோடு சண்டையும் வேண்டாம். ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் கட்டடம்) நிர்வாக விதிமுறைகள் 2015இன்படி, வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை குறை மேல்வீட்டில் இருப்பதாகவே கருதப்படும். நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், தேதியோடு படமும் இணையுங்கள். அவர்கள் ஏழு நாளுக்குள் வந்து சோதிக்க வேண்டும்; சோதனை முடிந்த ஐந்து நாளுக்குள் காரணத்தைக் குறிப்பிட்டு 28ஆம் பாரத்தில் சான்றிதழ் தர வேண்டும். மேல்வீடுதான் காரணம் என்றால் அதன் உரிமையாளர் சான்றிதழ் கிடைத்த ஏழு நாளுக்குள் பழுது பார்க்க வேண்டும். நிர்வாகம் அசையாவிட்டால் அடுத்த படி கட்டட ஆணையர்: கோலாலம்பூரில் மாநகராட்சியான டிபிகேஎல், பினாங்குத் தீவில் மாநகராட்சியான எம்பிபிபி. இந்த நாள் கணக்கெல்லாம் சேர்ந்தால் மூன்று வாரம் ஓடிவிடும், சுவர் காய்வது தனி. அதனால் புகாரை ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள்.