போராட்டத்தில் காவல்துறை பலத்தைப் பயன்படுத்தினால் எதைப் பார்ப்பது, எப்படி எழுதுவது

நான் போராட்டங்களுக்குக் கோஷம் போடப் போவதில்லை. ஓரமாக நின்று, நடப்பதை நேரம் குறித்து எழுதிவைக்கப் போகிறேன். கையில் ஒரு சின்ன நோட்டு, இரண்டு பேனா, கைக்கடிகாரம். கூட வரும் தோழி படம் பிடிப்பாள். பல வருடமாக இதைச் செய்ததில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. தடியடி நடந்த மறுநாள், "கூட்டம் வன்முறையில் இறங்கியது, வேறு வழியில்லை" என்று ஓர் அறிக்கை வரும். அடிபட்டவர்கள் எவ்வளவு குமுறினாலும் அந்த அறிக்கை அசையாது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார், எதைக் கொண்டு, யாரை அடித்தார் என்று அங்கேயே எழுதிய குறிப்பு இருந்தால் அசையும். அந்தக் குறிப்பை எழுதுவது எப்படி என்றுதான் இங்கே சொல்கிறேன்.

முதலில் விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். விதி தெரியாத கண்ணுக்கு எல்லாம் ஒரே களேபரமாகத்தான் தெரியும். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையின் 21ஆவது பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையைச் சொல்கிறது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. அந்தப் பிரிவுக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு 2020இல் ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தது. முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு கூட்டத்தைக் கலைக்கக் கூடாது என்கிறது அது. தள்ளுமுள்ளும் போக்குவரத்துத் தடங்கலும் வன்முறையாகிவிடாது என்கிறது. சிலர் கல்லெறிந்தார்கள் என்பதற்காக மொத்தக் கூட்டமும் அமைதியற்ற கூட்டம் ஆகிவிடாது என்றும் சொல்கிறது.

இந்தக் கடைசி விஷயத்துக்காகவே ஒன்றை வலியுறுத்துவேன்: கல் பறந்தால் அதையும் எழுதுங்கள். எத்தனை பேர் எறிந்தார்கள், எந்த மூலையிலிருந்து, எவ்வளவு நேரம், அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் தடுத்தார்களா, எல்லாம் வேண்டும். போராட்டக்காரர்கள் பக்கத் தவறை மறைத்த நோட்டு விசாரணையில் ஒரு கேள்விக்குக்கூடத் தாங்காது. நேர்மையாக எழுதினால்தான், மூன்று பேர் எறிந்த கல்லுக்காக உட்கார்ந்திருந்த முந்நூறு பேரை அடித்தது நியாயமா என்ற கேள்வியையே எழுப்ப முடியும்.

காவலர்கள் பலத்தைப் பயன்படுத்துவது பற்றித் தனியாக இரண்டு ஐ.நா. ஆவணங்கள் உண்டு. 1979ஆம் ஆண்டின் நடத்தை நெறி, மிகத் தேவையான இடத்தில் மட்டும், கடமைக்குத் தேவையான அளவு மட்டும் என்கிறது. 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட அடிப்படைக் கோட்பாடுகள் துப்பாக்கியைப் பற்றி இன்னும் கறாராகப் பேசுகின்றன. இரண்டுமே சில பக்கங்கள்தான். இவற்றோடு உங்கள் நாட்டுச் சட்டத்தையும் படியுங்கள். கலைந்து போகும்படி உத்தரவிட யாருக்கு அதிகாரம், காவலர்களைப் படம் பிடிக்கலாமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும்.

களத்துக்குச் சீக்கிரம் போங்கள். கூட்டம் சேரும் முன்பே ஒரு வரைபடம் போட்டுவிடுங்கள். வெளியேறும் வழிகள் எத்தனை, தடுப்புகள் எங்கே, காவலர்கள் எங்கே நிற்கிறார்கள், கவசமும் லத்தியும் மட்டுமா, கண்ணீர்ப்புகைத் துப்பாக்கியும் இருக்கிறதா, ஆம்புலன்ஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். விளக்குக் கம்பங்களுக்கு நடுவே எத்தனை அடி என்று நடந்து பார்த்து எழுதிக்கொண்டால், பிறகு "சுமார் இரண்டு கம்பத் தூரத்திலிருந்து" என்று தெளிவாகச் சொல்லலாம். வழக்கறிஞர் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். போன் பறிபோனால் எந்த எண்ணும் நினைவுக்கு வராது. போனை விரல்ரேகையால் திறக்கும் வசதியை அணைத்துவிட்டு, எண் பூட்டுப் போடுங்கள்.

அப்புறம், எதுவும் நடக்காத நேரத்தில்தான் அதிகம் எழுத வேண்டும். இதைப் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. அடி விழும் காட்சி பத்து போன்களில் பதிவாகிவிடும். அதற்கு முந்தைய ஐந்து நிமிடம் பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. அடி தேவைதானா என்ற கேள்விக்கு விடை அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. "4:10, உட்கார்ந்திருக்கிறார்கள், பாட்டு. 4:15, அதே நிலை. 4:17, காவலர்கள் தலைக்கவசம் மாட்டுகிறார்கள்." இப்படி வறண்ட வரிகளாக இருக்கட்டும். "கொடூரமாக", "வெறித்தனமாக" போன்ற சொற்கள் வேண்டாம். மனம் கொதிக்கும், எனக்கும் கொதிக்கும். ஆனாலும் நோட்டில் கண்ணால் கண்டது மட்டும். யாராவது சொல்லிக் கேட்டது என்றால் பக்கத்திலேயே "கேட்டது" என்று குறியுங்கள்.

கலைந்து போகச் சொல்லும் நேரம் மிக முக்கியம். அறிவித்தவர் யார், ஒலிபெருக்கியில் சொன்னாரா, கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்டதா, அவர்களுக்குப் புரியும் மொழியில் சொன்னாரா, எந்த வழியாகப் போகச் சொன்னார், அந்த வழி திறந்திருந்ததா? அறிவிப்பு முடிந்த நிமிடத்தையும் முதல் அடி விழுந்த நிமிடத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். நடுவில் இருந்த இடைவெளியில் அந்தக் கூட்டம் வெளியேறியிருக்க முடியுமா என்று பிறகு யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இனி ஆயுதங்கள். லத்தி என்றால் எங்கே விழுந்தது என்று பாருங்கள். குறைந்த ஆபத்துள்ள ஆயுதங்கள் பற்றிய 2020ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டுதல், கை கால்களைக் குறிவைக்க வேண்டும், தலை, கழுத்து, முதுகுத்தண்டு, சிறுநீரகப் பகுதி, வயிறு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. ஓடுபவரை அடித்தார்களா, விழுந்தவரை அடித்தார்களா என்பதைக் கண்டிப்பாக எழுதுங்கள். ரப்பர் குண்டு, பிளாஸ்டிக் குண்டு போன்றவற்றைப் பொதுவாக வன்முறையில் இறங்கிய ஒரு தனி ஆளின் அடிவயிறு அல்லது கால்களை நோக்கித்தான் சுடலாம். தரையில் பட்டுத் தெறிக்கும்படி சுடுவது யாரை எங்கே தாக்கும் என்று சொல்ல முடியாதது. ஆகவே துப்பாக்கி முனை எந்த உயரத்தில் இருந்தது என்று கவனியுங்கள்.

கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீய்ச்சுவதும் ஆள் பார்த்துத் தாக்காதவை. பக்கத்தில் நிற்கும் கிழவியையும் குழந்தையையும் சேர்த்தே தாக்கும். அதனால்தான் அவை கடைசி வழியாக, எச்சரித்து, விலகிப் போக அவகாசம் கொடுத்த பிறகே வர வேண்டும். அடைத்த இடத்தில் கண்ணீர்ப்புகை கூடாது. போரில் ஒரு படை இன்னொரு படைமீது கண்ணீர்ப்புகையைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்று 1993ஆம் ஆண்டின் இரசாயன ஆயுத உடன்படிக்கை தடை செய்கிறது. உள்நாட்டுக் காவல் பணிக்கு அதே உடன்படிக்கை விலக்குக் கொடுக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. புகை வந்தால் கண்ணைத் தேய்க்காதீர்கள், காற்று வரும் பக்கமாக, மேடான இடத்துக்குப் போய் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு போகவே வேண்டாம். கீழே கிடக்கும் குப்பியைத் தொடாமல், அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வைத்து, மேலே அச்சடித்த எண்ணும் தேதியும் தெரியப் படமெடுங்கள். வெடிக்காத குப்பி விரலைக் கொண்டுபோய்விடும்.

துப்பாக்கியைக் கூட்டத்தைக் கலைக்க ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. உயிருக்கோ பெரும் காயத்துக்கோ உடனடி ஆபத்து வந்தால் மட்டுமே, அதுவும் ஆபத்தை உண்டாக்கும் அந்த ஆளை நோக்கி மட்டுமே. தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் 1960 மார்ச் 21 அன்று, கறுப்பின மக்கள் நடமாட அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டங்களை எதிர்த்துக் கூடியவர்கள்மீது காவலர்கள் சுட்டதில் குறைந்தது 69 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருக்குக் குண்டு முதுகில் பாய்ந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் என்பதற்கு அந்தக் காயங்களே சாட்சி. குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுதச் சொல்வது இதனால்தான்.

மஃப்டியில் இருப்பவர் யாரையாவது பிடித்தால், தான் காவலர் என்று சொன்னாரா என்று பாருங்கள். சொல்லியாக வேண்டும். பெயர்ப்பட்டையை மறைத்திருந்தால் தலைக்கவச எண், வாகன எண், அதுவும் இல்லையென்றால் உயரம், தோளில் குத்தியிருக்கும் பதவிப் பட்டை. பிடித்துப்போகப்படுபவரின் பெயரையும் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சத்தமாகக் கேளுங்கள். உங்களை விலகச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம், பத்தடி பின்வாங்கி அங்கிருந்து எழுதுங்கள். கூட்டம் சட்டவிரோதமானது என்று அறிவித்த பிறகும் கண்காணிக்கும் உரிமை போய்விடாது என்று மனித உரிமைக் குழுவின் அந்த 2020 விளக்கம் சொல்கிறது.

காயம்பட்டவர்களை அன்றே மருத்துவரிடம் காட்டி, காயங்களை எழுத்தில் வாங்குங்கள். லத்தி அடி பெரும்பாலும் நடுவில் வெளுத்து, இருபுறமும் சிவந்த இரட்டைக் கோடாக விழும். கன்றல் நன்றாகத் தெரிய ஓரிரு நாள் ஆகலாம் என்பதால் அடுத்தடுத்த நாட்களிலும் படமெடுங்கள். சித்திரவதையையும் கொடுமையையும் மருத்துவர்கள் எப்படிப் பதிய வேண்டும் என்பதற்கு 1999இல் வந்து 2022இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது. அதைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிப்பாருங்கள்.

சாட்சிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள், கூட்டமாக உட்காரவைத்தால் ஒருவர் நினைவு மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும். "அடித்தார்களா?" என்று கேட்காமல் "பிறகு என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். வீடியோவின் அசல் கோப்பை வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த நகலில் தேதி விவரமெல்லாம் போய்விடும். பொதுவில் போடுவதற்கு முன் போராட்டக்காரர்களின் முகத்தை மறையுங்கள், நாளைக்கு அவர் வேலைக்குப் போக வேண்டும்.

புகாரில் அடித்தவரோடு, உத்தரவிட்டவரையும் சேருங்கள். அப்பட்டமாகச் சட்டவிரோதமான உத்தரவு என்று தெரிந்தும், மறுக்க வாய்ப்பு இருந்தும் செய்தவர் "மேலிடம் சொன்னது" என்று தப்பிக்க முடியாது, சொன்ன மேலிடமும் பொறுப்பு என்கின்றன 1990 கோட்பாடுகள். நோட்டின் நகலைக் கொடுங்கள், அசல் வழக்கறிஞரிடம் இருக்கட்டும். தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.