வீட்டிலேயே கோல்ட் ஏர் இன்டேக்: குழாயை விட ஹீட் ஷீல்டுதான் பெரிய வேலை

கோல்ட் ஏர் இன்டேக் என்றால் என்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுவரும் அமைப்பு. கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸை (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டினால் சத்தம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஃபில்டர் இழுப்பது ரேடியேட்டரையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்த் தொகுதி) தடவிக்கொண்டு வரும் சூடான காற்றை. பெரும்பாலான வண்டிகளில் ஒரிஜினல் ஏர் பாக்ஸ் ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்தோ கிரில்லுக்கு மேலிருந்தோ வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது, ஆகவே அதைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டர் போடுகிறவர் ஏற்கெனவே இருந்த குளிர்ந்த காற்றையும் இழக்கிறார். பளபளக்கும் குழாய்க்கு ஆசைப்படுவதற்கு முன்னால் ஃபில்டரைச் சுற்றி ஒரு நல்ல மறைப்பு, அதாவது ஹீட் ஷீல்டு, கட்டுங்கள், பாதி வேலைக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

காற்று சூடானால் விரியும், அதே கன அளவில் ஆக்சிஜன் குறையும். 30 டிகிரி காற்று 60 டிகிரிக்குப் போனால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. பெட்ரோல் என்ஜினில் இன்னொரு தொல்லையும் உண்டு: சூடான காற்று உள்ளே போனால் நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பது) வரும் வாய்ப்பு கூடும், அதைத் தடுக்க என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும், பிக்கப் மந்தமாகும். ட்ராஃபிக்கில் வெகுநேரம் நின்றுவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வண்டி சோம்பலாக நகர்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் மைலேஜ் ஏறும் என்று எண்ணி இதில் இறங்க வேண்டாம். மெதுவாக ஓட்டும்போது த்ராட்டில் (ஆக்சிலரேட்டருக்கு ஏற்பக் காற்றை விடும் கதவு) பாதி மூடித்தான் இருக்கும், அந்த நிலையில் குளிர்ந்த காற்றால் பெரிய லாபம் இல்லை. பலன் தெரிவது முழு ஆக்சிலரேட்டரிலும் சூடான நாட்களிலும்தான்.

வேலையைத் தொடங்கும் முன் அளந்து பாருங்கள். ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினியைப் படிக்க உதவும் சாக்கெட்) செருகும் சின்ன ஸ்கேனரும் ஒரு ஃபோனும் போதும். அதில் இன்டேக் ஏர் டெம்பரேச்சர், அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை, என்று ஒரு அளவு வரும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஒரு முறை, சீரான வேகத்தில் ஓட்டி ஒரு முறை, முழு ஆக்சிலரேட்டரில் ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள், அன்றைய வெளி வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். டர்போ வண்டிகளில் இந்த சென்சார் இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) பின்னால் இருக்கலாம், அப்படியானால் ஃபில்டருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் கம்பியை விட்டுப் படியுங்கள். சீரான ஓட்டத்தில் வெளிக்காற்றுக்கும் உள்ளே போகும் காற்றுக்கும் 5, 6 டிகிரிதான் வித்தியாசம் என்றால் உங்கள் ஒரிஜினல் அமைப்பே நன்றாக இருக்கிறது. புது ஃபில்டர் மட்டும் மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

வெப்பத்தைப் போலவே தடையையும் அளக்கலாம், இது பலரும் செய்யாமல் விடுகிற ஒன்று. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை யூ வடிவத்தில் ஒரு பலகையில் கட்டி, பாதி உயரத்துக்கு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் ஹோஸில் ஒரு சின்ன ஓட்டை வழியாக இணைக்க வேண்டும். மறுமுனை திறந்தே இருக்கட்டும். யூவின் கைகள் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இருக்கட்டும், குட்டையாக இருந்தால் தண்ணீரை என்ஜின் உறிஞ்சிவிடும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் முழு ஆக்சிலரேட்டரில் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்க வேண்டும். 25 செ.மீ. வந்தால் அது காற்று மண்டல அழுத்தத்தில் சுமார் 2.5 சதவீதம். தடையே இல்லாத இன்டேக் செய்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து அதற்கு மேல் பெரிதாகக் கிடைக்காது. அளந்து முடித்ததும் ஓட்டையை மறக்காமல் அடைத்துவிடுங்கள்.

சரி, இப்போது சென்சார். என்ஜினுக்குள் போகும் காற்றை இசியு இதை வைத்துத்தான் அறிகிறது. உங்கள் வண்டியில் இருப்பது மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் என்றால் வேலை எளிது. சூடான கம்பி ஒன்றால் காற்றோட்டத்தை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் என்றால் அது உட்காரும் குழாயின் உள்விட்டத்தை ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றக் கூடாது. அந்தச் சின்னக் கம்பி தன்மேல் படும் காற்றை வைத்துத்தான் மொத்தக் காற்றையும் கணக்கிடுகிறது. 70 மி.மீ. குழாயில் இருந்ததை 76 மி.மீ. குழாயில் வைத்தால் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடிவிடும், சென்சார் உண்மையை விடக் குறைவாகக் காட்டும், பெட்ரோல் குறைவாகப் போகும், என்ஜின் லீனாக, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்த கலவையில், ஓடும். எனக்குத் தெரிந்த நல்ல வழி, அதே மாடலின் பழைய ஏர் பாக்ஸ் ஒன்றை வாங்கி சென்சார் உட்காரும் பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புதுக் குழாயோடு இணைப்பது. சென்சார் மேல் இருக்கும் அம்புக்குறி என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும், சென்சாருக்கு முன்னால் முடிந்தவரை நேரான நீளம் விட வேண்டும், வளைவை ஒட்டி வைத்தால் ரீடிங் தடுமாறும். என்ஜினுக்குள் இருக்கும் ஆவியை வெளியேற்றும் ப்ரீதர் ஹோஸும் முன்பு எங்கே சேர்ந்ததோ அதே வரிசையில், சென்சாருக்குப் பின்னால் சேர வேண்டும்.

குழாயைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. விட்டம் த்ராட்டில் பாடியின் வாய் அளவுக்கோ சற்றே கூடுதலாகவோ இருந்தால் போதும். 1.5 லிட்டர் என்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 65 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கும். 60 மி.மீ. உள்விட்டக் குழாயில் அது நொடிக்கு 23 மீட்டர் வேகம், அதாவது அரை மீட்டர் குழாயைக் கடக்க நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகிறது. அந்த நேரத்தில் குழாயின் சூடு காற்றில் ஏறப்போவது கொஞ்சம்தான், அதனால் அலுமினியமா ஸ்டீலா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பிவிசி மட்டும் வேண்டவே வேண்டாம், 60 டிகிரிக்கு மேல் அது வலுவிழக்கும், 80 டிகிரி வாக்கில் நெகிழ்ந்தே விடும், பானெட்டுக்குள் அந்தச் சூடு சாதாரணம்.

என்ஜின் ஆடும், பாடி ஆடாது. ஆகவே இரண்டுக்கும் நடுவே நடுப்பகுதி புடைத்த சிலிக்கான் ஹோஸ் ஒன்று கட்டாயம் வேண்டும், குழாய்க்குச் சுற்றிலும் இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியும் வேண்டும். குழாய் முனையில் ஒரு வரம்பு எழுப்பிவிட்டால் கிளாம்ப் தளர்ந்தாலும் ஹோஸ் வழுக்கிக் கழலாது. அறுத்த முனைகளை உள்ளேயும் வெளியேயும் அரத்தால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் இடைப்பட்ட குழாயில் ரிவெட், ஸ்க்ரூ, நட்டு எதுவும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, என்றாவது ஒன்று கழன்றால் அது போய்ச் சேரும் இடம் சிலிண்டர் அல்லது டர்போவின் விசிறி.

இனி ஷீல்டு. முதலில் தடித்த அட்டையில் செய்யுங்கள், அவசரப்பட வேண்டாம், அட்டையில் எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். ஃபில்டரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, என்ஜின் பக்கம் ஒரு சுவர், பின்பக்கம் ஒரு சுவர், அப்புறம் அடியில் ஒரு தளம். இந்தத் தளத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் வண்டி நிற்கும்போது சூடான காற்று கீழிருந்துதான் மேலே ஏறி வருகிறது. மேல் விளிம்பின் உயரத்தைக் கண்டுபிடிக்க அட்டையின் விளிம்பில் அங்கங்கே களிமண் உருண்டைகளை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள், உருண்டை எவ்வளவு நசுங்கி நிற்கிறதோ அதுதான் அந்த இடத்தின் இடைவெளி. பானெட்டின் உட்புறம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் இடத்துக்கு இடம் இது மாறும், அதற்கேற்ப விளிம்பை வளைத்து வெட்ட வேண்டும். தகட்டுக்கும் பானெட்டுக்கும் 10 முதல் 15 மி.மீ. விட்டு, விளிம்பில் கதவுக்குப் போடுவது போன்ற ரப்பர் பீடிங் செருகினால் பானெட் மூடும்போது அது அமுங்கி அடைத்துக்கொள்ளும்.

அட்டை சரியாகப் பொருந்தியதும் அதே வடிவத்தில் வெட்ட வேண்டிய தகடு 1.5 மி.மீ. அலுமினியம். 1 மி.மீ. அதிர்ந்து கத்தும், 2 மி.மீ. கையால் வளையாது. இரண்டு இரும்பு ஆங்கிளுக்கு நடுவே வைத்து இறுக்கி மரச்சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வளையுங்கள், ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் மடிப்பில் வெடிப்பு விழும். குழாய் நுழையும் ஓட்டை குழாயை விட 10 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், அந்த விளிம்புக்கும் ரப்பர் போடுங்கள், இல்லாவிட்டால் தகடு குழாயை அறுக்கும். பழைய ஏர் பாக்ஸ் உட்கார்ந்த அதே போல்ட் ஓட்டைகளில் ரப்பர் புஷ் வைத்துப் பொருத்தினால் சத்தமும் வராது, பாடியின் சூடும் ஷீல்டுக்கு ஏறாது.

மேனிஃபோல்டைப் பார்க்கும் பக்கத்தைக் கறுப்பு பெயின்ட் அடித்து அழகுபடுத்த வேண்டாம். பளபளப்பான அலுமினியம் கதிர்வீச்சு வெப்பத்தின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்பு அதைக் குடிக்கும். மேனிஃபோல்டு மிக அருகில் இருந்தால் இரண்டாவது தகடு ஒன்றை 10 மி.மீ. தள்ளி, நடுவில் வாஷர் அடுக்கிப் பொருத்துங்கள், இடையில் இருக்கும் காற்றே நல்ல தடுப்பு. அலுமினியம் பூசிய கண்ணாடியிழைத் துணியை ஒட்டுவதும் நல்லதுதான். தெர்மாகோல், மெத்தை ஸ்பாஞ்சு போன்றவை பக்கத்திலேயே வரக் கூடாது, தீப்பிடிக்கும்.

நான்கு பக்கமும் அடைத்துவிட்டுக் குளிர்ந்த காற்றுக்கு வழிவிட மறந்தால் எல்லாம் வீண். பழைய ஏர் பாக்ஸின் மூக்கு எந்த வாய் வழியாக மூச்சு வாங்கியதோ அதே வாயைப் பயன்படுத்துங்கள், அல்லது கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹோஸ் இழுத்து வாருங்கள். திறப்பின் பரப்பு குழாயின் பரப்பை விடப் பெரிதாக இருக்க வேண்டும். 60 மி.மீ. குழாய்க்கு 28 சதுர செ.மீ. வருகிறது, 10க்கு 5 செ.மீ. திறப்பு தாராளம். ஆனால் குளிர்ச்சிக்கு ஆசைப்பட்டு ஃபில்டரை பம்பருக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள். தேங்கிய நீரில் அது ஒரு முறை முங்கினால் போதும், சிலிண்டருக்குள் போகும் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அதற்கு மேல் என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். ஷீல்டின் தளத்தில் மிகத் தாழ்ந்த இடத்தில் 8 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டுவிடுங்கள், மழைத் தண்ணீர் வடியட்டும்.

மாட்டி முடித்த பிறகு ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம்மை, அதாவது இசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை, பாருங்கள். ஷார்ட், லாங் இரண்டையும் கூட்டினால் பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிளஸ் பக்கம் ஏறிக்கொண்டே போனாலோ பி0171 கோடு (கலவை லீன் என்று இசியு தரும் பிழைக் குறியீடு) வந்தாலோ சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது அல்லது குழாய் விட்டம் தவறு. பிறகு முன்பு அளந்தது போன்றே வெயிலுள்ள ஒரு நாளில் அதே மூன்று அளவுகளையும் மீண்டும் எடுங்கள். ஐட்லிங்கில் சூடு ஏறத்தான் செய்யும், நீங்கள் பார்க்க வேண்டியது வண்டி நகர்ந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் அது வெளி வெப்பநிலைக்கு அருகில் இறங்குகிறது என்பதை. இறங்கவில்லை என்றால் பீடிங் எங்கோ அடைக்கவில்லை, விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து பானெட்டை மூடித் திறந்தால் அடையாளம் விழாத இடம் தெரிந்துவிடும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா கிளாம்ப்களையும் ஒரு முறை இறுக்கி, ஃபில்டரைக் கழற்றி, குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் தூசி வந்தால் ஃபில்டரின் கழுத்து சரியாக உட்காரவில்லை, அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள், அந்தத் தூசிதான் பிஸ்டன் ரிங்கைத் தின்னும். எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் என்றால் கழுவிய பின் எண்ணெயை அளவாக விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள், கூடிப்போனால் அது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் படிந்துவிடும். கழற்றிய ஒரிஜினல் ஏர் பாக்ஸைத் தூக்கிப் போடாமல் போல்ட், புஷ்ஷோடு ஒரு பையில் கட்டி வையுங்கள், சில நாடுகளில் வருடாந்திரச் சோதனைக்கு அதையே திரும்ப மாட்டச் சொல்வார்கள்.