கால்புண்ணை வீடியோவில் காட்டும் தொழில்: காரைக்குடிப் பக்கம் கட்டுப்படியாகுமா?

"வீட்டிலிருந்தே டாக்டருக்கு வீடியோவில் புண்ணைக் காட்டலாம்" என்று யோசனை வந்ததும் ஆப் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். சர்க்கரை நோயாளியின் கால்புண்ணை வாரம் ஒருமுறை வீடியோவில் பார்ப்பது என்ற ஒரே உதாரணத்தை வைத்துக் கணக்குப் போடுவோம்.

படி 1: யார் யார்?

கோட்டையூரில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்குத்தான் புண். எந்த டாக்டர் என்று முடிவெடுப்பது சென்னையில் இருக்கும் மகள். பணம் அனுப்புவது சிங்கப்பூரில் இருக்கும் மகன். மூன்று பேரையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஆச்சியின் பக்கத்தில் முதல் கேள்வி, போனை யார் பிடிப்பது? தன் உள்ளங்காலைத் தானே படம்பிடிக்க அவரால் முடியாது. ஆக, நாம் விற்கப்போவது ஆப் இல்லை. போனோடு வீட்டுக்கு வரும் ஒரு நர்ஸ்.

படி 2: நடக்குமா?

முகப்பில் நின்று சிக்னல் பார்த்துவிட்டு 'ஓகே' போடாதீர்கள். வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, தாண்டிப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். அந்தத் தடித்த சுவர்களுக்குள் வைஃபையும் தேறாது, செல்போன் சிக்னலும் தேறாது. 720பி வீடியோவுக்கு அப்லோடு வேகம் 1 முதல் 2 எம்பிபிஎஸ் வேண்டும். 1.5 என்று வைத்தால், 15 நிமிடத்தில் அனுப்புவது மட்டும் சுமார் 170 எம்பி.

அடுத்தது நிறம். சிவப்பும் பச்சையுமான ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் காலை வைத்துப் படம்பிடித்தால், கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யப் போய்ப் புண்ணின் நிறத்தையே மாற்றிவிடும். சிவந்த சதை வளர்கிறதா, ஓரம் கறுக்கிறதா என்பதுதானே டாக்டருக்குத் தெரிய வேண்டும்? காலுக்கடியில் ஒரு வெள்ளைத் தாளைப் போடுங்கள். ட்யூப்லைட்டை நம்பாமல் வளவு வெளிச்சத்துக்கு நாற்காலியை இழுங்கள்.

அப்புறம் உண்மையான சோதனை. ஒரே நோயாளியின் காலை, ஒரே நாளில், ஒரு டாக்டர் நேரிலும் இன்னொருவர் வீடியோவில் மட்டுமாகப் பார்க்கட்டும். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியக் கூடாது. வீடியோ டாக்டர் "பரவாயில்லை" என்றும், நேரில் பார்த்தவர் "உடனே வரச் சொல்" என்றும் எழுதிய வரிகளை மட்டும் எண்ணுங்கள். ஆபத்து அங்கேதான். இதற்கு ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளியின் சம்மதமும் வேண்டும்.

படி 3: சட்டம்

பதிவுபெற்ற டாக்டர் வீடியோவில் ஆலோசனை சொல்ல, 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள் இடம் தருகின்றன. ஆனால் உங்கள் மென்பொருளே "இது சீழ்" என்று சொல்ல ஆரம்பித்தால், 2017-ன் மருத்துவக் கருவிகள் விதிகளுக்குள் வந்துவிடுவீர்கள். உரிமம், செலவு எல்லாம் வேறு கணக்கு. முதல் வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

படி 4: வாங்குவார்களா?

"இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், அதில் 1 சதவீதம் வந்தால்கூட..." என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று வீடு வீடாகப் போங்கள். ஒரு எச்சரிக்கை: இங்கே முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்கள். காபியும் மனகோலமும் கொடுத்து "நல்ல காரியம் தம்பி" என்று அனுப்பிவைப்பார்கள். அதை ஆர்டர் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். "முன்பணம் 200 ரூபாய்" என்று கேளுங்கள்; கொடுத்தவரை மட்டும் எண்ணுங்கள். போட்டி யார் என்றும் பாருங்கள்: அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி இலவசம், வாட்ஸ்அப் வீடியோவும் இலவசம்.

படி 5: ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கு)

எண்களை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நர்ஸ் ஸ்கூட்டரில் ஒரு நாளைக்கு 8 வீடு, வாரம் 6 நாள்: 48 பேர். நான்கு வாரத்தில் 192 முறை. ஒரு முறைக்கு 250 ரூபாய் என்றால் வரவு 48,000. டாக்டருக்கு முறைக்கு 100 வீதம் 19,200. நர்ஸ் சம்பளம் 18,000. மிச்சம் 10,800, அதில்தான் பெட்ரோல், கட்டுத்துணி, நெட், வராத பாக்கி எல்லாம்.

சரி, கட்டணத்தை 200 ஆக்கிப் பாருங்கள். மிச்சம் 1,200. பெட்ரோலுக்கே காணாது.