பின்னால் இருப்பவரோடு பேச ஹெல்மெட் இன்டர்காம்: வாங்குவது முதல் மாட்டுவது வரை

ஹெல்மெட்டுக்குள் மைக்கும் ஸ்பீக்கரும் ஒட்டிப் பேசும் இன்டர்காம் வருவதற்கு முன்பு எங்கள் பைக்கில் ஒரு தட்டு மொழி இருந்தது. தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. விலாவில் கிள்ளினால், இவ்வளவு நேரம் நான் பேசியது உன் காதில் விழவே இல்லையா என்று அர்த்தம். இன்டர்காம் வாங்கி மாட்டிய பிறகும் இரண்டு வாரம் அந்தக் கிள்ளு தொடர்ந்தது. கருவியில் ஒரு குறையும் இல்லை. ஸ்பீக்கரை நான் ஒரு விரற்கடை தள்ளி ஒட்டியிருந்தேன், அவ்வளவுதான். அந்தக் கதை ஐந்தாம் படியில் வருகிறது.

படி 1: தூரக் கணக்கை மறந்துவிடுங்கள்

அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்பதுதான். உங்கள் மனைவியோ நண்பரோ உட்கார்ந்திருப்பது ஒரு கை தூரத்தில். 1 கிலோமீட்டர் எட்டினால் என்ன, 100 மீட்டர் எட்டினால் என்ன?

மெஷ் என்று ஒரு வகை உண்டு. பல பைக்குகள் கூட்டமாகப் போகும்போது ஒருவர் விலகிப்போய்த் திரும்பி வந்தாலும் இணைப்பு தானாகச் சேர்ந்துகொள்ளும். கார்டோ, சேனா என்ற இரண்டு இன்டர்காம் நிறுவனங்களிலும் மேல்தட்டு மாடல்களில் இது இருக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். ஒரே பைக்கில் இரண்டு பேர் பேச சாதாரண ப்ளூடூத் இன்டர்காமே போதும். கூட்டத்தோடு ஊர் சுற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் மெஷ் பக்கம் போங்கள்.

படி 2: முதலில் ஹெல்மெட்டைப் பாருங்கள்

இரண்டு ஹெல்மெட்டையும் பார்க்க வேண்டும். நான் என்னுடையதை மட்டும் பார்த்தேன்.

ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுக்கு, தாடைப் பகுதியின் உள்ளே ஒட்டும் சின்ன ஒயர் மைக் வேண்டும். முகம் திறந்த ஹெல்மெட்டுக்கும், தாடையைத் தூக்கிவிடும் மாடலுக்கும் வளையும் தண்டு மைக் வேண்டும். பல பெட்டிகளில் இரண்டும் இருக்கும், சிலவற்றில் ஒன்றுதான். அப்புறம் காதுப் பக்கத்துத் துணியை விலக்கி, ஸ்பீக்கர் உட்காரப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் இல்லாத ஹெல்மெட்டில் 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கரைத் திணித்தால் பத்தே நிமிடத்தில் காது வலி எடுக்கும். அதற்காக உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கைச் சுரண்டிப் பள்ளம் தோண்டாதீர்கள். விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான்.

படி 3: ஜோடியாக வாங்குங்கள்

ஒரே நிறுவனம், ஒரே மாடல், இரட்டைப் பெட்டி. வேறு வேறு நிறுவனக் கருவிகளையும் இணைக்கலாம் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்த வழியில் பெரும்பாலும் ஒரு கருவி மற்றொன்றிடம் தன்னை ஒரு போன் என்று சொல்லித்தான் சேர்கிறது. அதனால் போனுக்கான இடம் ஒன்று பறிபோகும், குரலும் பழைய தொலைபேசிக் குரல் மாதிரி ஒடுங்கிவிடும்.

படி 4: நான் பார்க்கும் சில்லறை விஷயங்கள்

கையுறையோடு இயக்க முடிகிற பொத்தான் அல்லது திருகும் குமிழ். எனக்குக் குமிழ்தான் பிடிக்கும். தடவி இயக்கும் வகை கையுறைக்கு ஆகாது. நீர் தாங்கும் அளவு ஐபி67 என்றால் தூசி உள்ளே போகாது, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள், மழைக்குத் தாராளம். பேட்டரி நேரத்தைப் பார்க்கும்போது, இன்டர்காமில் பேசும் நேரம் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். சும்மா கிடக்கும் நேரத்தைக் காட்டி ஏமாற்றுவார்கள்.

குரல் கேட்டால் மட்டும் மைக் திறக்கும் வசதியைப் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. சொல்லின் தொடக்கத்தைத் தின்றுவிடுகிறது. ‘பள்ளம்’ என்று பின்னாலிருந்து என் மனைவி கத்தியது ‘ளம்’ என்று வந்து சேர்வதற்குள் பள்ளமே வந்துவிட்டது. எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 5: ஸ்பீக்கரை ஒட்டுவது

ஹெல்மெட்டில் பள்ளம் இருந்தது, நானும் அதன் நடுவில் ஒட்டினேன். வீட்டுக்குள் அருமையாகக் கேட்டது. சாலையில் 60-ஐத் தாண்டியதும் காற்றிரைச்சல் மட்டும்தான். சத்தத்தை முழுக்க ஏற்றினேன், பயனில்லை. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தபோது, ஒரு சிக்னலில் அவள் தன் ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, “என்னங்க, இப்ப நல்லா கேக்குது!” என்றாள்.

ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும், காதை ஒட்டியும் இருக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் முதலில் காணாமல் போவது பேச்சுதான். ஹெல்மெட்டில் உள்ள பள்ளம் எல்லார் காதுக்கும் பொருந்தாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வெல்க்ரோவை லேசாக மட்டும் ஒட்டி, போனில் ஏதாவது ஒரு பேச்சைக் குறைந்த சத்தத்தில் ஓட விடுங்கள். ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டிக்கொண்டு, கீழிருந்து ஒரு விரலை விட்டு ஸ்பீக்கரை மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று கூடும். கழற்றி அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து அழுத்தி ஒட்டுங்கள். இன்னும் இடைவெளி இருந்தால், பெட்டியில் வரும் பஞ்சுத் துண்டை ஸ்பீக்கருக்குப் பின்னால் வையுங்கள். காது மடலைத் தொட வேண்டும், நசுக்கக் கூடாது. அரை மணி நேரம் போட்டுக்கொண்டே வீட்டில் உட்கார்ந்து பாருங்கள், வலி மெதுவாகத்தான் தெரியும்.

மைக்குக்கு இவ்வளவு பாடு இல்லை. உதட்டுக்கு நேராக, குறியிட்ட பக்கம் வாயைப் பார்த்து, பஞ்சு உறையோடு இருந்தால் சரி.

படி 6: இணைப்பது

முதலில் இரண்டு கருவிகளையும் ஒன்றோடொன்று இணையுங்கள், பிறகு அவரவர் போனோடு. முரண்டு பிடித்தால் பழைய இணைப்புகளை அழித்துவிட்டு முதலிலிருந்து வாருங்கள்.

பின்னர் சேர்த்தது

பின்னால் இருப்பவர் வைசரைத் திறந்தாலே என் காதில் புயல் அடிக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் காற்று அவருடைய மைக் வழியாக வருகிறது. உங்கள் சத்தத்தைக் குறைத்துப் பயனில்லை. அவருடைய கருவியில் மைக்கின் உணர்திறனை ஒரு படி இறக்குங்கள்.

தன் குரலே தனக்குத் திரும்பக் கேட்கிறது என்றார் இன்னொருவர். பழுது இல்லை, அது ஓர் அமைப்பு. கருவிக்கான போன் செயலியில் ‘சைடுடோன்’ என்று இருப்பதை அணைத்தால் போய்விடும்.

கடைசியாக, உங்கள் இருவரில் ஒருவர் வழி நெடுகப் பாடிக்கொண்டே வரும் ரகம் என்றால், மைக்கை மியூட் செய்யும் பொத்தான் எது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். எங்கள் பைக்கில் பாடுவது நான்தான். அந்தப் பொத்தானை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.