கேஷுவல்ட்டிக்கு குழந்தை வந்தா கை வைக்கிறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்

கேஷுவல்ட்டில புதுசா போஸ்டிங் போட்டிருக்கிற நர்ஸுங்களுக்காக எழுதுறேன். பெரியவங்க வார்டுல வருஷக்கணக்கா வேலை பாத்தவங்களுக்கே, ஒரு குழந்தையைத் தூக்கிட்டு யாராவது ஓடி வந்தா கை நடுங்கும், எனக்கும் நடுங்குச்சு. நடுங்குற கை தன்னால பிபி கஃப்பைத் தேடும், அதைச் சுத்தினதும் புள்ள கத்த ஆரம்பிக்கும், கத்துற புள்ளகிட்ட மூச்சும் எண்ண முடியாது பல்ஸும் நம்ப முடியாது, எல்லாம் போச்சு.

அதனால முதல்ல கையைக் கட்டிக்கிட்டு சும்மா பாருங்க. அம்மா மடியிலயே இருக்கட்டும், அரை நிமிஷம் கூட ஆகாது. ஆள் எப்படி இருக்கு, மூச்சு எப்படி விடுது, தோல் என்ன கலர்ல இருக்கு, இந்த மூணுதான். மூச்சே இல்ல, தூக்கிப் போட்ட துணி மாதிரி கிடக்குதுன்னா பாத்துட்டு நிக்காதீங்க, ஆள் கூப்பிட்டு மூச்சு கொடுக்கிற மாஸ்க்கைக் கையில எடுங்க. அது தனிக் கதை.

நான் சேர்ந்த புதுசுல ஒரு நைட் ட்யூட்டி, ஒரே நேரத்துல ரெண்டு பேர். ஒருத்தன் மோவாய் கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம், ஊரைக் கூட்டுற மாதிரி கத்துறான். இன்னொண்ணு பத்து மாசப் பாப்பா, ரெண்டு நாளா வயித்தால போகுதாம், அம்மா தோள்ல சாஞ்சு கம்முனு இருக்கு, "இப்பதான் தூங்குறா சிஸ்டர், எழுப்பாதீங்க"ன்னு அம்மாவே சொன்னாங்க. நான் கத்துறவன்கிட்ட ஓடினேன். எங்க சீனியர் சிஸ்டர் வந்து அந்தப் பாப்பா முகத்துக்கு முன்னாடி சாவிக்கொத்தை ஆட்டினாங்க, கண்ணு பாதி திறந்துதான் இருந்துச்சு, ஆனா சாவி பின்னாடி போகல. கை முழங்கை வரைக்கும் சில்லுனு இருந்துச்சு. நெஞ்சு நடுவுல விரலை அஞ்சு செகண்ட் அழுத்தி எடுத்தா அந்த வெள்ளை மறைய நாலு செகண்ட் ஆச்சு, ரெண்டுக்குள்ள மறையணும். சுகர் 38. கத்துறவனுக்கு மூச்சுக்குழாய் நல்லா இருக்கு, தெம்பும் இருக்கு, அவன் அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ணலாம். அடங்கிப் போன புள்ளையைத்தான் முதல்ல எடுக்கணும்.

அந்தப் பாப்பாவோட பிபி அப்போ நார்மல். இதுதான் நிறைய பேர் ஏமாறுற இடம். பத்து கிலோ குழந்தை உடம்புல மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிதான், அதுல குறைஞ்சா குழந்தை உடம்பு ரத்தக்குழாயை இறுக்கிக்கும், இதயத்தை ஓட விடும், கால்வாசி போற வரைக்கும் கூட பிபியை விடாம பிடிச்சு வெச்சிருக்கும், அப்புறம் ஒரே அடியா சரியும். ஒரு வயசுல இருந்து பத்து வயசு வரைக்கும் மேல் பிபி, 70 கூட்டல் வயசோட ரெண்டு மடங்கு, அதுக்குக் கீழ போனா ஆபத்து. ஆனா அது விழுற வரைக்கும் காத்திருந்தா லேட். பல்ஸ் வேகம், கை கால் சூடு, அழுத்திப் பாக்குறது, டயபர் எப்ப நனைஞ்சதுன்னு கேக்குறது, இதெல்லாம் முன்னாடியே சொல்லிடும்.

மூச்சுக்கு வருவோம். ஸ்டெத் வைக்கிறதுக்கு முன்னாடி சட்டையைத் தூக்கி வயிறையும் விலாவையும் பாருங்க. விலா இடுக்கு உள்ள இழுக்குதா, மூக்கு விடைக்குதா, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுதா, மூச்சு விடும்போது ம்ம் ம்ம்னு முனகுதா. அந்த முனகலை வலின்னு நினைச்சு விட்றாதீங்க, நுரையீரல் சுருங்கிடாம இருக்க புள்ள தானே பிடிச்சுக்கிற முயற்சி அது. எண்ணும்போது முழு ஒரு நிமிஷம் எண்ணணும், பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்குறது குழந்தைக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40, இதைத் தொட்டாலே வேகமான மூச்சு. வேகமா இழுத்துட்டு இருந்த புள்ள திடீர்னு மெதுவாச்சுன்னா சந்தோஷப்படாம திரும்ப ஆளைப் பாருங்க, சோர்ந்து போயிருக்கலாம்.

எச்சில் ஒழுக விட்டுக்கிட்டு முன்னாடி குனிஞ்சு உக்காந்து கர்ர்னு மூச்சு இழுக்கிற குழந்தையைப் படுக்க வைக்காதீங்க, வாயைத் திறந்து குச்சி விட்டுப் பாக்காதீங்க, அப்படியே அம்மா மடியில வெச்சு ஆக்சிஜனை முகத்துகிட்ட பிடிச்சுட்டு மயக்க டாக்டரைக் கூப்பிடுங்க. கைக்குழந்தைக்கு பின்தலை பெருசு, படுக்க வெச்சா கழுத்து மடங்கி மூச்சுக்குழாய் அடைக்கும், தோளுக்குக் கீழ ஒரு டவலை மடிச்சு வெச்சா போதும்.

நினைவு தப்பின குழந்தை, ஃபிட்ஸ் வந்த குழந்தை, ரொம்ப நேரம் சாப்பிடாத குழந்தை, யாரா இருந்தாலும் சுகர் பாத்துடுங்க. 54க்குக் கீழன்னா சும்மா பாத்துட்டு நிக்கக் கூடாது, டாக்டர் ஆர்டர்ல பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போகணும், பதினஞ்சு நிமிஷத்துல திரும்பப் பாக்கணும். ஃபிட்ஸ் அஞ்சு நிமிஷம் தாண்டினா மருந்து போட்டாகணும், அதனால வந்த உடனே கடிகாரத்தைப் பாருங்க. ஃபிட்ஸ்ல இருக்கிற வாயில எதையும் திணிக்காதீங்க.

எடை. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் திட்டுவாங்க, இருந்தாலும் சொல்றேன், கிலோலதான் எழுதணும், பெருசா எழுதணும். மிஷின்ல வைக்க முடியலன்னா நீளத்தை வெச்சு எடை சொல்ற டேப் இருக்கு, அதுவும் இல்லன்னா வயசோட நாலு கூட்டி ரெண்டால பெருக்குங்க, ஒரு வயசுக்கு மேல ஓரளவுக்கு வரும். ட்ரிப்ஸ் கிலோவுக்கு 10 இல்ல 20 மில்லின்னு ஆர்டர் வரும், பாட்டிலைத் தொங்க விட்டுட்டு போயிடாம சிரிஞ்சுல அளந்து தள்ளுங்க, ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் நெஞ்சைக் கேளுங்க, ஈரல் இறங்குதான்னு தொட்டுப் பாருங்க. எலும்பும் தோலுமா இருக்கிற குழந்தைக்கு இந்தக் கணக்கே வேற, டாக்டரைக் கேக்காம ஏத்தக் கூடாது. தசமப் புள்ளியை ஒரு இடம் தள்ளி வெச்சா பத்து மடங்கு மருந்து போயிடும், அதனால இன்னொரு ஆள் பாக்காம ஊசி ஏறக் கூடாது.

அடிபட்டதுல ரெண்டு மட்டும். தீக்காயம்னா ஓடுற பச்சைத்தண்ணியில இருபது நிமிஷம், மூணு மணி நேரத்துக்குள்ள வந்தாலும் பலன் உண்டு, ஐஸ் வேணாம், மத்த உடம்பு குளிராம போர்த்துங்க. பரப்பு பாக்க அந்தக் குழந்தையோட உள்ளங்கை விரலோட சேர்த்து ஒரு சதவீதம், உங்க கை இல்ல. அப்புறம், இன்னும் தவழவே தவழாத குழந்தைக்கு காயம் இருந்து, கதை ஆளுக்கு ஆள் மாறுச்சுன்னா அவங்க சொன்னதை வார்த்தை மாறாம எழுதிட்டு டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க. அங்கயே சண்டை போடாதீங்க.

மூணு மாசத்துக்குள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் அடிச்சா, சிரிச்சுக்கிட்டே இருந்தாலும் டாக்டர் பாக்காம அனுப்பாதீங்க. தடிப்பு இருந்தா கண்ணாடி டம்ளரை வெச்சு அழுத்துங்க, மறையலன்னா டாக்டர்கிட்ட ஓடுங்க.

அம்மாவை வெளிய நிறுத்துற பழக்கம் இருந்தா விட்ருங்க, புள்ளையைப் பிடிக்க அவங்களை விட நல்ல ஆள் கிடையாது. "இவன் எப்பவும் இப்படி இருக்க மாட்டான்"னு அவங்க சொன்னா அதை அப்படியே சார்ட்ல எழுதுங்க, டைம் போட்டு. அந்தப் பத்து மாசப் பாப்பாவுக்கு டெக்ஸ்ட்ரோஸும் ரெண்டு ரவுண்டு ட்ரிப்ஸும் போய் முக்கால் மணி நேரம் கழிச்சு நான் ஊசி போட்ட இடத்துல பிளாஸ்டரை மாத்தப் போனேன், கையை வெடுக்குனு இழுத்துக்கிட்டு வீல்னு கத்துச்சு, சீனியர் சிஸ்டர் திரும்பிக்கூட பாக்காம "டைம் எழுது"ன்னாங்க.