பழைய டேனிஷ் அலமாரி: உப்புத்தாளை எடுக்கும் முன்

பழைய டேனிஷ் அலமாரி கைக்கு வந்ததும் உப்புத்தாளைத் தேடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். 1950, 60களில் அங்கே செய்த தேக்கு சைட்போர்டுகளில் (சுவரோரம் வைக்கும் நீளமான தாழ்ந்த அலமாரிகள்) பல முழு மரம் அல்ல. பலகைமேல் ஒட்டிய வினீர், அதாவது மெல்லிய மரத் தகடு, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தேய்ப்பு இயந்திரத்தை நாலு முறை ஓட்டினால் அடிப்பலகை பல்லிளிக்கும்.

முதலில் பூச்சு எதுவென்று பாருங்கள். கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். மரம் கறுத்து உறிஞ்சினால் எண்ணெய்ப் பூச்சு. முத்தாக நின்றால், ஜன்னலைத் திறந்துவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றுங்கள். பிசுபிசுத்தால் ஷெல்லாக், நம் அரக்குதான். அசையாவிட்டால் லாக்கர் தின்னரை, அதாவது லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சை இளக்கும் திரவத்தை, தொட்டுப் பாருங்கள். இளகினால் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் வகை லாக்கர். எதற்கும் மசியாவிட்டால் அமிலம் சேர்த்து இறுக வைத்த லாக்கராகவோ பாலியூரித்தேனாகவோ இருக்கலாம்.

இவ்வளவு சோதனை எதற்கு? ஷெல்லாக்கும் நைட்ரோவும் மறுபடி கரையும்; புதிய பூச்சு பழையதோடு கலந்துவிடுவதால் கீறலை அங்கேயே சரிசெய்யலாம். இறுகிய லாக்கரில் அது நடக்காது. புதியது மேலே உட்கார்ந்திருக்கும், நாளடைவில் உரியும். அதைத் துடைத்து மெழுகு பூசி விட்டுவிடுங்கள்.

வண்ணக் கதவுகளுக்கு மட்டும் ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம். டென்மார்க்கின் சிபாஸ்ட் மரச்சாமான் நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ஆர்னே வோடர் வடிவமைத்த 29ஏ சைட்போர்டின், பக்கவாட்டில் நகரும் கதவுகளில் ஒருபுறம் மரம், மறுபுறம் வண்ணம். கழற்றித் திருப்பிப் போடலாம். வோடரின் ஆசிரியர் ஃபின் யூல். அவர் 1961இல் வடிவமைத்த கையுறை அலமாரியின் இழுப்பறைகளுக்கு ஜெர்மன் கவிஞர் கதேயின் வண்ணச் சக்கரத்தை ஒட்டி நிறம் தீட்டினார். இந்த மரபில் நிறமும் வடிவமைப்பின் ஒரு பகுதி. மங்கிவிட்டது என்று எனாமல் அடிப்பதை என்னால் மன்னிக்க முடியாது. பிழிந்த துணியால் துடையுங்கள். துணியில் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள்.

கதவு இறுகினால் இழுத்துப் பிடுங்காதீர்கள். பொதுவாக மேலே தூக்கினால் மேல் பள்ளத்துக்குள் ஏறும். அடிவிளிம்பு வெளியே வந்துவிடும். தூசியைத் தட்டிவிட்டு, பள்ளத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

தேக்குக்குப் பதில் பிரேசில் ரோஸ்வுட் என்றால் வாங்கும்போதே ஆவணம் கேளுங்கள். 1992 முதல் அது, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் நாட்டு எல்லையைக் கடத்திக் கொண்டுபோனால் சுங்கத்தில் சிக்கிக்கொள்ளும்.