பழைய லென்ஸுக்குள்ள பூச்சியா? கழட்டறதுக்கு முன்னாடி அது எங்க இருக்குன்னு பாருங்க

பழைய லென்ஸ் வாங்கிச் சேக்குறவங்க என்னைக்காவது ஒரு நாள் இதைப் பாத்தே ஆகணும். டார்ச் அடிச்சா கண்ணாடிக்கு நடுவுல ஒரு கருப்புப் புள்ளி தெரியும், தூசின்னு விட்டுட்டு இன்னொரு தடவை உத்துப் பாத்தா அதுக்குக் காலு இருக்கும். என்னோட ஹீலியோஸ் 44-2ல அப்படித்தான் பாத்தேன். சோவியத் காலத்து ஜெனிட் கேமராவோட வந்த 58 எம்எம் லென்ஸ் அது, நான் ஆசை ஆசையா வாங்குனது, அதனால அன்னைக்கு மனசே சரியில்ல.

முதல்ல அது பூச்சிதானான்னு உறுதி பண்ணிக்கோங்க. ரூம் லைட்டை அணைச்சுட்டு, லென்ஸோட ரெண்டு மூடியையும் எடுத்துட்டு, அபர்ச்சரை, அதாவது உள்ள வெளிச்சம் போற ஓட்டையை முழுசா திறந்து வச்சு, ஃபோன் டார்ச்சை பின்னாடி கொஞ்சம் சாய்வா அடிச்சு முன்னாடி இருந்து பாருங்க. ஒட்டடை மாதிரி கிளை கிளையா படர்ந்திருந்தா ஃபங்கஸ். ஓரத்துல வானவில் கலர்ல மின்னுச்சுன்னா ரெண்டு கண்ணாடியை ஒட்டியிருக்கிற பசை விட்டுருச்சுன்னு அர்த்தம். அச்சு அசலா உருண்டையா இருந்தா கண்ணாடியிலயே இருக்கிற காத்துக் குமிழி, பழைய லென்ஸ்ல அது சகஜம், பயப்படாதீங்க. கால், இறக்கைத் துண்டு, உரிச்ச தோல், பக்கத்துலயே பழுப்புப் பொட்டு பொட்டா எச்சம், இதுல எது இருந்தாலும் பூச்சிதான். சரியா தெரியலன்னா இன்னொரு 50 எம்எம் லென்ஸைத் திருப்பிப் பிடிச்சு அது வழியா பாருங்க, அருமையான பூதக்கண்ணாடி அது.

பெரும்பாலும் பழைய புத்தகத்தைத் திறந்தா ஓடுமே, வெளிறிப்போன கலர்ல கடுகு சைஸ்கூட இல்லாத ஒரு பூச்சி, அதுதான் உள்ள போயிருக்கும். அதுக்கு சாப்பாடே பூஞ்சைதான். அதனால அந்தப் பூச்சி வந்திருக்குன்னா லென்ஸ் ஈரமான இடத்துல இருந்திருக்கு, ஃபங்கஸும் கூடவே இருக்கலாம், அதையும் தேடிப் பாருங்க.

இப்ப முக்கியமான வேலை. நிறைய பேரு நேரா ஸ்க்ரூடிரைவரை எடுத்துடுறாங்க, அது வேண்டாம். அபர்ச்சரை எஃப் 16க்கு, அதாவது ஓட்டை ரொம்பச் சின்னதாகுற அளவுக்கு மூடுங்க. ஹீலியோஸ் 44-2ல ஒரு வளையத்துல 16ஐ வச்சுட்டு இன்னொரு வளையத்தைத் திருகணும், பின்பக்கம் சின்னக் குச்சி மாதிரி பின் (pin) நீட்டிக்கிட்டு இருக்கிற லென்ஸ்னா அதை அழுத்தணும். இப்ப முன்னாடி இருந்து பாத்தா ஓட்டையை மூடுற பிளேடுக்கு மேல பூச்சி தெரியுதா, அப்ப அது முன்பக்கக் கண்ணாடிகள்ல இருக்கு. பிளேடு மூடுனதும் மறைஞ்சு போச்சுன்னா பின்பக்கம், லென்ஸைத் திருப்பிப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க. இந்த ஒரு நிமிஷ வேலையில பாதி லென்ஸைக் கழட்டவே வேண்டாம்னு தெரிஞ்சுரும்.

பூச்சி உயிரோட நகருதுன்னா எதையும் தொடாதீங்க. தட்டாதீங்க, சூடு காட்டாதீங்க, ஃப்ரீசர்ல வைக்காதீங்க, உள்ள தண்ணி கோத்துக்கும். ரெண்டு மூடியும் இல்லாம வெள்ளைப் பேப்பர் மேல படுக்க வச்சு விட்டுடுங்க, வந்த வழியிலேயே போக வாய்ப்பு இருக்கு. உள்ளயே நசுங்குச்சுன்னா அந்தச் சாறு கோட்டிங்ல ஒட்டிக் காஞ்சிரும், அதைத்தான் எடுக்கவே முடியாது. வெயில் படுற ஜன்னல்லயும் வைக்காதீங்க, லென்ஸ் வெயிலைக் குவிச்சு பக்கத்துல இருக்கிற துணியை எரிச்சிரும்.

செத்த பூச்சின்னா வெள்ளைச் சுவரை எஃப் 16ல ஒரு படம் எடுத்துப் பாருங்க. ஒண்ணும் தெரியலன்னா, அது முன்பக்கம் ஒத்தையா கிடக்குதுன்னா, நான் திறக்க மாட்டேன். பின்பக்கம் இருந்து படத்துல கறை விழுந்தாலோ, சுத்தி ஃபங்கஸ் ஆரம்பிச்சிருந்தாலோ திறந்துதான் ஆகணும்.

திறக்குறதுன்னா ஃபேனை ஆஃப் பண்ணி, மேஜையில ஈரத்துணி போட்டுத் துடைச்சுட்டு உக்காருங்க. லென்ஸ் ஸ்பானர் (உள் வளையத்தைத் திருகுற கருவி), ரப்பர் அடைப்பான், ரப்பர் ப்ளோயர், மைக்ரோஃபைபர் துணி, 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹால், டிஸ்டில்டு வாட்டர் போதும். ஜப்பான் லென்ஸா இருந்தா ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) ஸ்க்ரூடிரைவர் வாங்கிக்கோங்க, சாதா பிலிப்ஸ் போட்டா ஸ்க்ரூ தலை வழுக்கிப் போயிரும். ஹீலியோஸ்ல பேர் எழுதுன வளையத்தை ரப்பரை அழுத்தித் திருகுனா முன் கண்ணாடி கைக்கு வந்துரும், அதனால கவுத்துப் பிடிக்காதீங்க. கழட்டுற ஒவ்வொரு கண்ணாடியோட ஓரத்துலயும் பென்சில்ல எந்தப் பக்கம் வெளியன்னு ஒரு கோடு போடுங்க, ஃபோன்ல படமும் எடுத்துக்கோங்க, ஏன்னா மாத்தி வச்சா படம் சரியா வராது. ஃபோகஸ் வளையத்தோட மரையைப் பிரிக்காதீங்க, அதுக்குப் பல ஆரம்ப இடம் இருக்கு, தப்பா ஏத்துனா இன்ஃபினிட்டி, அதாவது ரொம்பத் தூரத்துல இருக்கிறதுக்கு ஃபோகஸ் ஆகுறது போயிரும்.

பூச்சியை முதல்ல ப்ளோயரால மட்டும் ஊதுங்க, வாயால ஊதுனா எச்சில் தெறிக்கும். விழலன்னா காட்டன் பட்ஸை டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சு அது மேல சும்மா வச்சுட்டு ஒரு நிமிஷம் காத்திருங்க. ஊறுனதும் தேய்க்காம பட்ஸை உருட்டி எடுங்க, கால் கூட முழுசா ஒட்டிக்கிட்டு வரும். அப்புறம் ஆல்கஹாலைத் துணியில தொட்டு நடுவுல இருந்து ஓரத்துக்குச் சுத்திச் சுத்தித் துடைங்க, கண்ணாடி மேல நேரா ஊத்தாதீங்க, ஓரத்துல இறங்கி ஒட்டு பசையைக் கரைச்சிரும். ஃபங்கஸ் தடம் இருந்தா மெடிக்கல்ல கிடைக்கிற 3% ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டுப் பாருங்க. அபர்ச்சர் பிளேடு பக்கம் கை போகவே வேண்டாம்.

மூடுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு அதே எஃப் 16 டெஸ்ட்டை ரெண்டு பக்கமும் இன்னொரு தடவை பண்ணுங்க. அப்புறம் காத்துப் போகாத டப்பாவுல சிலிகா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40-50%ல இருக்கானு சின்ன மீட்டர் வச்சுப் பாத்துக்கோங்க. நீல ஜெல் ரோஸ் ஆச்சுன்னா மாத்திருங்க. பாச்சா உருண்டை போடாதீங்க, அதோட ஆவி கண்ணாடியில படியும். லென்ஸோட வந்த தோல் உறையை எவ்வளவு அழகா இருந்தாலும் வேற இடத்துல வைங்க, ஈரத்தைப் பிடிச்சு வச்சு பூஞ்சையை வளக்குறதே அதுதான்.